பாஸ்போர்ட்டில் உள்ள தேதி வேறு, உங்கள் கெடு வேறு

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் பாஸ்போர்ட் புதுப்பிப்பு குறித்து நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயர் மட்டும் தந்திருக்கிறோம்.

என் மகன் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். பாஸ்போர்ட் முடிய இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. "அதற்குள் லீவில் வருவேன், ஊரிலேயே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறான். அதுவரை தள்ளிப்போடலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

தள்ள வேண்டாம், அம்மா. அச்சிட்டிருக்கும் கடைசித் தேதியை நம்பித்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலான நாடுகளும் விமான நிறுவனங்களும் பயண நாளில் குறைந்தது 6 மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று பார்க்கின்றன. விசா புதுப்பிக்கும்போதும் இதே கணக்குதான். ஆகவே உங்கள் மகன் கையில் இருப்பது பதினொரு மாதம் அல்ல, ஐந்து மாதம். புதுப் புத்தகம் வந்துசேர ஆகும் வாரங்களையும் அதில் கழித்துவிடுங்கள்.

காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். புதிய பாஸ்போர்ட்டின் 10 ஆண்டு, அது வழங்கப்படும் நாளிலிருந்து தொடங்கும். பழையதில் மீந்த மாதங்களைக் கூட்டித் தரமாட்டார்கள். அந்த மாதங்கள் வீணாகின்றனவே என்று காத்திருப்பவர்கள் உண்டு. விசா தடைபட்டால் ஏற்படும் நஷ்டத்தோடு பார்த்தால் அது பெரிய இழப்பே இல்லை.

அங்கிருந்தபடி செய்யும் முறை இது. வெளியுறவு அமைச்சகத்தின் குளோபல் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் முதலில் கணக்குத் தொடங்க வேண்டும். நாட்டையும் தூதரக அலுவலகத்தையும் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே பலர் தவறுகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அபுதாபியில் தூதரகமும் துபாயில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. ஷார்ஜா உள்ளிட்ட வடபகுதி அமீரகங்கள் துபாய் அலுவலகத்தின் கீழ் வருகின்றன. மகன் துபாயைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து "ரீ-இஷ்யூ" பிரிவு. "ஃப்ரெஷ்" என்பது பாஸ்போர்ட்டே எடுக்காதவர்களுக்கு உரியது. காரணம் கேட்கும் இடத்தில் காலாவதியாகப் போகிறது என்பதைக் குறிக்க வேண்டும். விவரங்களை நிரப்பி முடித்ததும் விண்ணப்ப எண் வரும். படிவத்தை அச்செடுத்துக்கொண்டு, தூதரகம் நியமித்துள்ள சேவை மையத்தில் நேரம் முன்பதிவு செய்ய வேண்டும்.

மையத்துக்குப் போகும்போது அசல் பாஸ்போர்ட், அதன் முதல் இரு பக்கங்கள் மற்றும் கடைசி இரு பக்கங்களின் நகல், விசா அல்லது எமிரேட்ஸ் அட்டை நகல், புகைப்படம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் புகைப்படத்தால்தான். 2025 செப்டம்பர் முதல் தூதரகங்கள் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்தில் உள்ள படங்களையே ஏற்கின்றன: வெள்ளைப் பின்னணி, படத்தில் 80 முதல் 85 விழுக்காடு முகம், கண்ணாடியோ நிழலோ கூடாது, இணையத்தில் ஏற்றும் படம் 630க்கு 810 பிக்சல். செல்போன் செயலியில் முகத்தை வழவழப்பாக்கிய படத்தைத் தள்ளிவிடுவார்கள். கையெழுத்து கட்டத்துக்குள் அடங்க வேண்டும். கோட்டைத் தொட்டாலே திருப்பிக் கொடுப்பதுண்டு.

கட்டணம்: பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் என்றால் 75 அமெரிக்க டாலர், 60 பக்கம் என்றால் 100 டாலர், அந்நாட்டு நாணயத்தில். அடிக்கடி பயணம் செய்பவர் 60 பக்கம் எடுப்பது நல்லது. இதோடு இந்திய சமூக நல நிதிக்கு ஒரு சிறு தொகையும் மையத்தின் சேவைக் கட்டணமும் சேரும். கூரியர், குறுஞ்செய்தி, படிவம் நிரப்பித் தருவது, தனி அறை வசதி எல்லாம் விருப்பம் இருந்தால் மட்டுமே. வேண்டாம் என்று சொல்ல மகனுக்கு உரிமை உண்டு.

புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. அமீரகத்தில் 2022 ஏப்ரலுக்குப் பிறகு குடியிருப்பு விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை. எல்லாம் கணினியில் இருக்கிறது. கணினியிலோ பழைய எண் கிடக்கும். ஷார்ஜா விசா என்பதால் ஐசிபி என்ற அமீரகக் குடியுரிமை, அடையாள ஆணையத்தின் கணினியில் புதிய எண்ணை, கம்பெனியின் அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. மாற்றித் தர வேண்டும். அது நடக்கும்வரை பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். மூலை வெட்டித் திருப்பித் தரும் பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கி எறியக் கூடாது.

டெக்சாஸில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது விமான நிலையத்தில் ஐ-94இல் (எந்தத் தேதிவரை தங்கலாம் என்ற பதிவு) என் விசா முடியும் தேதியைப் போடாமல், பாஸ்போர்ட் முடியும் தேதியைப் போட்டிருக்கிறார்கள். தவறுதலாகப் போட்டதா?
– ஒரு வாசகர், சொந்த ஊர் குன்னூர்

தவறு அல்ல. பாஸ்போர்ட் எதுவரை செல்லுமோ அதுவரைதான் அனுமதி என்று எல்லை அதிகாரிகள் ஐ-94ஐச் சுருக்குவது வழக்கம். விசா ஸ்டிக்கரில் 2 ஆண்டு மீதம் இருந்தாலும், கம்பெனியின் ஐ-797 ஒப்புதலில் பின்னால் ஒரு தேதி இருந்தாலும், நீங்கள் அந்த நாட்டில் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது ஐ-94 தேதி. அது கடந்துவிட்டால் சட்டப்படி நீங்கள் கூடுதலாகத் தங்கியவர். கம்பெனி சம்பளம் தருகிறது, வரி பிடிக்கிறது என்பதெல்லாம் அதை மாற்றாது. தெரியாமலே மாதக்கணக்கில் இப்படி இருந்துவிட்டு, அடுத்த விசா நேர்காணலில் தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள்.

உடனே இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் புதிய பாஸ்போர்ட் வந்தால் ஐ-94 தானாக நீளாது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, ஐ-94 தேதிக்கு முன்பே கம்பெனி ஐ-129 படிவத்தில் தங்கும் காலத்தை நீட்டிக்கக் கோருவது. மற்றது, புதிய பாஸ்போர்ட்டும் செல்லும் விசாவும் கொண்டு நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்ப நுழைவது. எது பொருந்தும் என்பதைக் கம்பெனியின் குடியேற்ற வழக்கறிஞர்தான் உங்கள் கோப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் உள்ள அமெரிக்க விசா செல்லும். அதைக் கிழித்துப் புதியதில் ஒட்டக் கூடாது. இரண்டு புத்தகத்தையும் சேர்த்துக் காட்டினால் போதும். ஒவ்வொரு முறை நுழைந்த பிறகும் ஐ-94ஐ இணையத்தில் இறக்கிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் நர்ஸாக இருக்கும் என் தங்கைக்கும் இதே போல் ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, வெலிங்டன்

அங்கே பிளாஸ்டிக் அட்டை போய் இ-விசா வந்துவிட்டது. புதிய பாஸ்போர்ட் கிடைத்ததும் அவர்கள் உள்துறையின் இணையக் கணக்கில் புதிய எண்ணைச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் ஊருக்கு வந்துவிட்டால், திரும்பும்போது விமான நிறுவனத்தின் திரையில் விசா தெரியாமல் போகலாம்.

எங்கள் ஹட்டியில் (படகர் கிராமத்தில்) எல்லோருக்கும் இனிஷியலும் ஒரு பெயரும்தான். என் பாஸ்போர்ட்டில் கிவன் நேம் மட்டும் இருக்கிறது, சர்நேம் காலி. துபாயில் இருக்கும் அண்ணனைப் பார்க்க விசிட் விசா கேட்டால் முடியாது என்கிறார்கள். அண்ணனுடைய பாஸ்போர்ட்டும் அப்படித்தான் இருக்கிறது; அவர் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், கேத்தி

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட், சுற்றுலா விசாக்களில் அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் அனுமதி மறுக்கிறது. குடியிருப்பு விசா வைத்திருக்கும் உங்கள் அண்ணனை அது நேரடியாகத் தொடவில்லை. ஆனாலும் அவர் சரிசெய்துகொள்வதே நல்லது. நாளை அமெரிக்காவுக்குப் போக நேர்ந்தால், முதற்பெயர் தெரியாதவர் என்ற பொருளில் எஃப்.என்.யு. என்று விசாவில் விழும். வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அதைத் திருத்துவது பெரும்பாடு.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது. எழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும். வழக்கமாக அப்பாவின் பெயரைச் சர்நேம் இடத்தில் வைப்பார்கள். இருக்கிற பெயருடன் சர்நேம் சேர்ப்பது, இனிஷியலை விரிப்பது போன்றவற்றை முழுப் பெயர் மாற்றமாகப் பார்ப்பதில்லை. உறுதிமொழிப் பத்திரம், செய்தித்தாள் விளம்பரம் எல்லாம் முழுப் பெயரையே மாற்றுபவர்களுக்கு உரியவை. ரீ-இஷ்யூ படிவத்தில் காரணமாகத் "தனிப்பட்ட விவர மாற்றம்" என்பதைக் குறித்து, அதற்குள் சர்நேம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்கு முன் ஊரில் ஒரு வேலை இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பான் மூன்றையும் பக்கத்தில் வைத்து அப்பாவின் பெயர் ஒவ்வொன்றிலும் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் ஒரே பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல் சாதாரணம்: ஒன்றில் இரட்டை எல், ஒன்றில் ஒற்றை எல், ஒன்றில் கவுடர் சேர்த்து, ஒன்றில் சேர்க்காமல். எது பள்ளிச் சான்றிதழில் இருக்கிறதோ அதையே வைத்து ஆதாரை முதலில் திருத்துங்கள். பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். வரிசை மாறினால் இரண்டையும் மறுபடி திருத்த வேண்டிவரும். அண்ணனுக்கு இன்னொன்று: விசா, லேபர் கான்ட்ராக்ட் எல்லாம் பழைய பெயரில் இருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே கம்பெனியிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

நாங்கள் தாயகம் திரும்பிய குடும்பம். அண்ணன் 1978இல் ஹட்டனில் பிறந்தவர், நான்கு வயதில் அப்பா அம்மாவோடு வந்தார். இப்போது தம்மாமில் டிரைவர். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது பிறந்த இடம் இலங்கை என்று இருப்பதால் சிக்கல் வருமோ என்று பயப்படுகிறார். ரேஷன் கார்டில் எல்லாம் கூடலூர்தான். கூடலூரில் பிறந்ததாகவே போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, கூடலூர்

வேண்டவே வேண்டாம். உங்கள் அண்ணன் இந்தியக் குடிமகன். எதையும் மறைக்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. மறைத்தால்தான் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி தவறான தகவல் தந்த குற்றம் வரும்.

இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்களுக்குக் குடியுரிமை பதிவின் மூலம் கிடைத்தது. விண்ணப்பத்தில் "குடியுரிமை எவ்வகையில்" என்ற கேள்விக்குப் பிறப்பு, வம்சாவளி, பதிவு என்று தெரிவுகள் இருக்கும். இந்தியாவுக்கு வெளியே பிறந்து அந்த ஒப்பந்தப்படி வந்தவருக்குப் பொருந்துவது பதிவு. முந்தைய பாஸ்போர்ட் எடுத்தபோது என்ன நிரப்பினார் என்பதையும் ஒத்துப் பாருங்கள். பிறந்த இடம் பழைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வரட்டும்.

விவரம் எதுவும் மாறாத ரீ-இஷ்யூவுக்கு வழக்கமாகப் பழைய பாஸ்போர்ட்டே போதும். தூதரகம் கூடுதலாகக் கேட்டால் காட்டுவதற்கு ஊரில் இருக்கும் தாள்களை இப்போதே தேடி எடுங்கள்: அப்பாவுக்குக் கண்டி உதவித் தூதரகத்தில் கொடுத்த பழைய இந்தியப் பாஸ்போர்ட், குடியுரிமைப் பதிவுச் சான்று, மறுவாழ்வுக்காகக் கொடுத்த குடும்ப அட்டை. அப்போது பிள்ளைகளுக்குத் தனிப் பாஸ்போர்ட் பெரும்பாலும் இல்லை. பெற்றோரின் தாளில்தான் பெயர் இருக்கும். அண்ணன் பெயர் உள்ள பக்கத்தைத் தெளிவாக ஸ்கேன் செய்து அவருக்கு அனுப்புங்கள். டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகளில் இருந்து இடம் மாறியபோது இந்தத் தாள்களைத் தொலைத்த குடும்பங்கள் நிறைய. இருப்பவர்கள் பத்திரப்படுத்துங்கள், பேரப்பிள்ளைகளுக்கும் அது தேவைப்படலாம்.

உங்கள் வீட்டில் இங்கே வந்தபின் பிறந்தவர்களுக்கு நிலைமை வேறு. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் யாராயினும் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின், 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும்.

லீவு ஒரு மாதம்தான். அதற்குள் குன்னூரிலேயே எடுத்துவிட முடியுமா? வீடு எஸ்டேட் லைனில் இருக்கிறது.
– ஒரு வாசகர், மஸ்கட்

முடியும்; ஆனால் முன்கூட்டியே திட்டமிட்டால் மட்டும். நீலகிரி, கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. குன்னூர் தபால் நிலையத்தில் சேவை மையம் இருக்கிறது. (கொடைக்கானல் பக்கத்தவர்களுக்கு மதுரை மண்டலம்.) 2018 முதல் நாட்டில் எந்த மையத்திலும் விண்ணப்பிக்கலாம். குன்னூரில் தேதி கிடைக்காவிட்டால் கோவைக்கு இறங்கிவிடுங்கள். நேர முன்பதிவை மஸ்கட்டில் இருக்கும்போதே செய்து, விமானம் இறங்கிய முதல் வாரத்தில் வருமாறு பாருங்கள். கட்டணம் 36 பக்கத்துக்கு ரூ.1,500, 60 பக்கத்துக்கு ரூ.2,000. தட்கல் என்றால் அதற்கு மேல் ரூ.2,000.

கவுண்டரில் ஒப்புதல் ஆனதுமே பழைய பாஸ்போர்ட்டில் ரத்து முத்திரை விழும். அன்றிலிருந்து புதியது வரும்வரை நீங்கள் பறக்க முடியாது. லீவின் கடைசி வாரத்தில் போய் நிற்பவர்கள் வேலையை இழப்பது இதனால்தான்.

அடுத்தது உங்கள் லைன் வீட்டு விலாசம். அப்பா ஓய்வு பெற்று லைனைக் காலி செய்திருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியில் உங்களைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். விசாரணைக்கு வரும் காவலர் "இந்த முகவரியில் இல்லை" என்று எழுதிவிட்டால் கோப்பு நின்றுவிடும். தட்கலில் புத்தகம் முன்பே வந்திருந்தாலும், பின்னால் நடக்கும் விசாரணை தவறினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். இப்போது குடியிருக்கும் வீட்டு முகவரியை ஆதாரில் மாற்றி, அதையே விண்ணப்பத்திலும் கொடுங்கள். ஆதார் நகலும் பழைய பாஸ்போர்ட் நகலும் வீட்டில் தயாராக இருக்கட்டும். தெரிந்த அக்கம்பக்கத்தார் இருவரைக் கேட்பதும் உண்டு.

ஸ்பீட் போஸ்ட் பாஸ்போர்ட்டை விண்ணப்பித்தவர் கையில்தான் கொடுக்கும். எஸ்டேட்டுக்கு வரும் தபால், தொழிலாளர் வருகை பதியும் மஸ்டர் ஆபீஸில் தங்குவது வழக்கம். ஆகவே தபால்காரரிடம் முன்பே சொல்லி வைத்து, அனுப்பியதாகச் செய்தி வந்ததும் கிளைத் தபால் நிலையத்துக்கு நீங்களே அடையாள அட்டையோடு போய்விடுங்கள். ஆளில்லாமல் திரும்பினால் அது மண்டல அலுவலகத்துக்கே போய்விடும்.

மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்கும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். மொத்தத்தில் ஒரு மாத லீவுக்காரருக்கு மஸ்கட்டிலேயே எடுப்பது நிம்மதி.

என் வீட்டுக்காரர் குவைத்தில். மகளுக்கு வயது 6, பாஸ்போர்ட் முடியப் போகிறது. அப்பா இல்லாமல் நான் மட்டும் போனால் கொடுப்பார்களா?
– ஒரு வாசகி, உதகை

கொடுப்பார்கள். குழந்தைக்கு இருவர் சம்மதமும் வேண்டும்; அதற்குரியது இணைப்பு டி என்ற உறுதிமொழி. அப்பா வெளிநாட்டில் இருப்பதால் அவர் குவைத்தில் இந்தியத் தூதரகத்தில் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று, அசலை உங்களுக்கு அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்செடுத்துக் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள். தூதரகத்தில் அவர் நேரம் வாங்குவதும் கூரியர் வருவதும் நாளாகும் என்பதால், உங்கள் முன்பதிவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டு அல்லது 18 வயது, எது முந்தியோ அதுவரை செல்லும். 15 வயது தாண்டியவர்கள் விரும்பினால் 10 ஆண்டுக்கு எடுக்கலாம். உங்கள் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரும் அவர் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரும் இருந்தால் வேலை எளிது. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்பார்கள் என்பதை இளைய குழந்தை உள்ளவர்கள் கவனிக்கவும்.

பாஸ்போர்ட்டை இரும்புப் பெட்டியில் வைத்திருந்தேன். மழையில் பூஞ்சை பிடித்து, படம் இருக்கும் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை கிளம்பிவிட்டது. செல்லுபடி இன்னும் 4 ஆண்டு. அடுத்த மாதம் சிங்கப்பூர் திரும்ப வேண்டும்.
– ஒரு வாசகர், பூம்பாறை

அந்த உறையைப் பசை போட்டு ஒட்ட முயலாதீர்கள். உறை கிளம்பியிருந்தால் படத்தை மாற்றியிருக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் அதிகாரிக்கு முதலில் வரும். அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்தை இயந்திரம் படிக்காவிட்டால் விமான நிலையத்திலேயே நிறுத்துவார்கள்.

இது சேதமடைந்த பாஸ்போர்ட் என்ற கணக்கில் வரும். எண்ணும் பெயரும் படிக்க முடிகிறது, படம் கெடவில்லை என்றால் பகுதிச் சேதம். நடைமுறை அவ்வளவு கடினமில்லை. எதுவுமே தெரியவில்லை என்றால் தொலைந்ததற்குச் சமமாக விசாரிப்பார்கள். இணைப்பு எஃப் உறுதிமொழியில் ஈரத்தால் கெட்டது என்று உள்ளதை எழுதுங்கள். இந்தியாவில் கட்டணம் 36 பக்கத்துக்கு ரூ.3,000, வெளிநாட்டில் 150 டாலர். நீங்கள் ஊரில் இருப்பதால் மதுரை மண்டலத்தில் உடனே விண்ணப்பித்துவிட்டு, சிங்கப்பூர் முதலாளியிடம் வொர்க் பாஸில் புதிய எண்ணை மாற்றச் சொல்லுங்கள்.

மலையில் பாஸ்போர்ட் வைக்கும் முறை: நன்றாகக் காய்ந்த நாளில், மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஈரமான புத்தகத்தைப் பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை இன்னும் வேகமாகப் பிடிக்கும். வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்தினால் உறை சுருங்கும். மேல்மலையில் ஐப்பசி, கார்த்திகைதான் அதிகக் கவனம் தேவைப்படும் மாதங்கள்.

எட்டாம் வகுப்புதான் படித்தேன். பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதிச் சோதனை தேவை என்ற குறி) இருக்கிறது. ஓமனில் 5 வருடமாக வேலை. புதுப்பிக்கும்போது அதை எடுத்துவிட முடியுமா?
– ஒரு வாசகர், சொந்த ஊர் பந்தலூர்

முடியும். வெளிநாட்டில் 3 ஆண்டுக்கு மேல் இருந்தவருக்கு, விட்டுவிட்டு இருந்திருந்தாலும், குடியேற்ற அனுமதிச் சோதனை தேவையில்லை. ரீ-இஷ்யூ விண்ணப்பத்தில் அதை நீக்கக் கோரும் தெரிவைக் குறித்து, விசா நகல்கள், குடியிருப்பு அட்டைகள், நுழைவு – வெளியேற்ற முத்திரைப் பக்கங்களைக் கொடுங்கள். கேட்காவிட்டால் பழையபடியே இ.சி.ஆருடன் வந்துவிடும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்கள் அந்தச் சான்றிதழை மட்டும் காட்டினால் போதும். ஓமன், சவுதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது இது முக்கியம்.

மலேசியாவில் இருக்கும் தம்பி பஸ்ஸில் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டான். பாட்டி சீரியஸ், உடனே வர வேண்டும்.
– ஒரு வாசகர், தாண்டிக்குடி

முதல் வேலை, அங்குள்ள போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்குவது. அதோடு கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துக்குப் போகட்டும். உடனே ஊருக்கு வருவதற்கு எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கொடுப்பார்கள். அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே; அதை வைத்துக்கொண்டு திரும்பிப் போக முடியாது. மலேசியக் குடிநுழைவுத் துறையிலும் வெளியேற அனுமதி பெற வேண்டும். வேலை அனுமதியைத் தக்கவைக்க வேண்டுமென்றால், கிளம்பும் முன் முதலாளியிடம் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு வரட்டும்.

காத்திருக்க முடியும் என்றால் அங்கேயே புதிய பாஸ்போர்ட் கேட்கலாம். 36 பக்கத்துக்கு 150 டாலர். காவல் விசாரணை ஊரில் நடக்கும் என்பதால் தாமதமாகலாம். தொலைந்ததாகச் சொன்ன எண் ரத்தாகிவிடும். பிறகு கிடைத்தாலும் அதைப் பயணத்துக்கு எடுக்கக் கூடாது, ஒப்படைத்துவிட வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார்கள். புதுப்பிப்பது எப்படி?
– ஒரு வாசகர், தோஹா

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. வைத்திருக்கும் உரிமை உங்களுக்கு மட்டுமே. கத்தாரின் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் முதலாளி அதைப் பிடித்து வைப்பதைத் தடை செய்கிறது. புதுப்பிக்க வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள், அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் அங்குள்ள தொழிலாளர் துறையிலும் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவிலும் புகார் செய்யலாம். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் குடும்பத்தினர் ஊரிலிருந்தே புகார் பதியலாம். தொலைந்துவிட்டதாகப் பொய்ப் புகார் கொடுத்துப் புதிதாக எடுக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். அது உங்களையே குற்றவாளியாக்கும்.

சிப் வைத்த இ-பாஸ்போர்ட் வந்துவிட்டதாமே. பழையதை உடனே மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகி, குன்னூர்

வேண்டாம். கையில் உள்ளது அதன் தேதிவரை செல்லும். இனிப் புதுப்பிக்கும்போது சிப் உள்ளதே வரும். அட்டையின் முகப்பில் தங்க நிறத்தில் ஒரு சிறு குறி இருக்கும். அதை மடக்காதீர்கள், ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள்.

இணையத்தில் தேடினால் பாஸ்போர்ட் என்று பத்து தளம் வருகிறது. எது அரசுடையது?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

முகவரி "டாட் கவ் டாட் இன்" என்று முடிகிறதா பாருங்கள். ஊரிலிருந்து விண்ணப்பிக்க பாஸ்போர்ட் இந்தியா தளமும் எம்பாஸ்போர்ட் சேவா செயலியும். வெளிநாட்டிலிருந்து என்றால், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் தளத்துக்குள் போய் அங்கே தரும் இணைப்பை அழுத்துங்கள். சேவை மையத்தின் பெயர் நாட்டுக்கு நாடு வேறு, ஒப்பந்தம் முடிந்தால் மாறவும் செய்யும். இந்தியாவில் சந்தேகம் கேட்க 1800-258-1800, கட்டணமில்லா எண். முகவரிடம் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். கணக்கை அவரது மின்னஞ்சலில் தொடங்கவும் விடாதீர்கள். விண்ணப்பம் தடைபட்டால் வரும் கடிதங்கள் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.